ரியாஸ் வண்டியின் பின்சீட்டு

1

ஊரில் கேப்சூல் என்றால் மாத்திரை. எனக்கும் அப்படித்தான் இருந்தது, மெல்பர்னில் என் மகள் ஹனா பிறந்த வாரம் வரைக்கும்.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன காலையில் ஒரு நர்ஸ் வந்து, "கேப்சூல் ரெடியா?" என்று கேட்டார். நான் என் பல்லாவரம் ஆங்கிலத்தில் பணிவாக, "அப்போதே விழுங்கிவிட்டேன், டிபன் சாப்பிட்டதும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவர் பஷீரைப் பார்த்தார். பஷீருக்கும் புரியவில்லை. அந்த அம்மாள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு இன்றும் கண்ணில் நிற்கிறது.

பிறந்த குழந்தையைக் காரில் படுக்கவைத்து, வார்களால் கட்டிக் கொண்டுபோகிற கூடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். அது இல்லாமல் குழந்தையைக் காரில் ஏற்ற முடியாது. "நான் மடியில் வைத்துக்கொள்கிறேனே, பக்கத்தில்தான் வீடு" என்றேன். "காரில் மடி என்று ஒரு இடம் கிடையாது" என்றார் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. சமையலறைக்கு வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பஷீர் எங்கெங்கோ ஓடி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, அந்த வார்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் பக்கத்துக் கார்க்காரர் உதவியோடு மாட்டினார்.

இங்கே சட்டம் இப்படி: ஏழு வயது ஆகும்வரை பிள்ளைகள் அவரவர் வயதுக்குத் தக்க இருக்கையில்தான் உட்கார வேண்டும். கூடை, அப்புறம் வார் வைத்த சீட்டு, அப்புறம் உயரம் கூட்டித் தருகிற பூஸ்டர். வண்டியில் இருக்கிற எல்லோரும் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் ஓட்டுகிறவருக்கு அபராதம். அதோடு லைசென்ஸில் புள்ளிகளும் ஏறும். புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும். என்னைப் போல ஆஸ்பத்திரி லேபில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகிறவளுக்கு லைசென்ஸ் போனால் வேலையும் போன மாதிரிதான்.

போன வாரம் ஹனாவின் பள்ளிக்கூடத் தெருவில் போலீஸ்காரர்கள் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு டாக்ஸி. அதன் பின்சீட்டில் கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதர் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். டாக்ஸிக்காரர், தலைப்பாகை கட்டிய பஞ்சாபி இளைஞர், திரும்பி அவரிடம் ஏதோ சொன்னார். பெரிய மனிதர் உடனே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார். முகம்கூடச் சுளிக்கவில்லை.

டிரைவர் சொன்னார், ஏறியவர் கேட்டார். அதைப் பார்த்ததும் எனக்குச் சென்னை கீழ்க்கட்டளையில் இருக்கிற என் தம்பி ரியாஸின் ஞாபகம் வந்தது. பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

2

நாங்கள் வளர்ந்தது கீழ்க்கட்டளையில். அத்தாவுக்குப் பல்லாவரத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை. வீட்டுக்கு ஒரே ஸ்கூட்டர். முன்னால் கால் வைக்கிற இடத்தில் நான் நிற்பேன். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ரியாஸ், இடியாப்பக் குழலில் அடைத்த மாவு மாதிரி. பெருநாளைக்குத் துணி எடுக்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு அப்படித்தான் போவோம். போலீஸ்காரர் நின்றிருந்தால் அத்தா கையைத் தூக்கி ஒரு வணக்கம் போடுவார். அவரும் சிரிப்பார்.

கல்யாணத்துக்குப் போகிற வேனில் சின்னப் பிள்ளைகளுக்கு சீட்டு கிடையாது. யார் மடி காலியோ அந்த மடி. மடி மாறி மாறித் தூங்கி, இறங்கும்போது யாருடைய பிள்ளை யாரிடம் என்று ஒரு தேடல் நடக்கும். 'அப்போதெல்லாம் யாருக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆகியிருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில், திண்டிவனம் பக்கம் போன வேனில் ஒரு பிள்ளை போயிற்று. அல்லாஹ் எழுதியது என்றார்கள். மௌத்துக்குப் போய்வந்தோம். பெல்ட் என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. வேனில் பெல்ட்டே இருந்ததா என்றுகூடத் தெரியாது.

அத்தாவும் அம்மாவும் இப்போது இல்லை. கடையும் இல்லை. ரியாஸ் சொந்தமாக ஒரு கார் வாங்கி, கைபேசியில் கூப்பிடுகிற டாக்ஸி கம்பெனி ஒன்றில் சேர்த்து ஓட்டுகிறான். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசாதவன். வண்டியைக் கழுவுவதைப் பார்த்தால் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருக்கும். கல்யாணமாகிப் பல வருடம் அவனுக்கும் பர்வீனுக்கும் குழந்தை இல்லை. இரண்டு முறை தங்கி, கலைந்துபோனது. பிறகு ஒருநாள் போனில், "அக்கா, அஞ்சு மாசம்" என்று மட்டும் சொன்னான். பிரசவத்துக்கு வந்துவிடுகிறேன் என்று நான் சொன்னேன். பஷீருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ஐந்து வயது ஹனாவும் கிளம்பினோம். கூடவே ஹனாவின் பூஸ்டரும்.

3

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வெளியே வந்தபோது ரியாஸ் கூட்டத்துக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் பர்வீனின் அம்மா சம்சாத் மாமி, பிளாஸ்க்கும் கையுமாக. ஹனா தூக்கிவந்த பூஸ்டரைப் பார்த்து ரியாஸ், "இன்னாக்கா இது, சோபால ஒரு துண்ட உடைச்சி எடுத்தாந்துட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு வண்டி வரைக்கும்தான்.

பின்சீட்டில் பூஸ்டரை வைத்தேன். மேலே பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாட்டுகிற கொக்கியைக் காணோம். தேன் நிறத்தில் புத்தம்புது ரெக்சின் கவர் சீட்டை இறுக்கி மூடியிருந்தது. தடவிப் பார்த்தால் கவருக்கு அடியில் கொக்கி கட்டியாகத் தட்டுப்பட்டது.

"ஏறவங்க குத்துது குத்துதுன்றாங்கக்கா. அதான் உள்ள தள்ளி மேல கவர் போட்டுட்டேன்" என்றான்.

முன்சீட்டில் இன்னும் விசேஷம். பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்துமே, அது கத்தாமல் இருக்க ஒரு வெறும் கிளிப்பைக் கொக்கியில் செருகி வைத்திருந்தான். மாமி அந்தச் சீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். ரியாஸ் மட்டும் தன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

ஹனா ஏறவில்லை. வெளியே நின்றுகொண்டு, "மாமா, என்னக் கட்டிப் போடுங்க" என்றாள். அவளுடைய தமிழ் அப்படித்தான். ஆங்கிலத்தில் யோசித்து, கையில் கிடைத்த தமிழ்ச் சொல்லை எடுத்து ஒட்டுவாள். பக்கத்து வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், "ஏன் பாப்பா, நீ இன்னா ஆட்டுக்குட்டியா?" என்று சிரித்தார். ஹனாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே என்னிடம் ஆங்கிலத்தில், "மாமாவுக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல் ரியாஸுக்குப் புரிந்தது. அவன் முகம் சுருங்கியது.

"நாங்க ஆட்டோல வந்துடறோம்டா" என்றேன், வாய்க்கு வந்ததை.

"ஆட்டோல பெல்ட் கீதா?" என்று கேட்டான்.

மாமி, "பச்சப் புள்ளய மடியில வச்சிக்கிறதுக்கு இவ்வளவு பேச்சா? எங்க மடியெல்லாம் என்ன, முள்ளா?" என்றார். கடைசியில் ஹனாவை என் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். போலீஸ் பார்த்துவிடும் என்று அவள் பல்லாவரம் தாண்டும் வரை ஜன்னலுக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் எல்லா வண்டியும் ரியாஸைத் தாண்டிப் போயின. முன்னால் ஒரு பேருந்து நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டு, பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, ஊர்ந்து ஓட்டினான். கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்தேன்.

4

அடுத்த நாட்களில் கவனித்தேன். கோபம் இல்லை, அவன் தினமும் அப்படித்தான் ஓட்டுகிறான். இன்னொன்றும் கவனித்தேன். சவாரிக்குக் கூப்பிடுகிறவர்களுக்குப் போன் செய்து, "எத்தன பேரு சார்? சின்னப் புள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்பான். இருக்கிறார்கள் என்றால், "வண்டி பஞ்சர் சார், வேற வண்டி பாத்துக்கோங்க" என்று வைத்துவிடுவான்.

ஒரு மத்தியானம் பர்வீனுக்குக் கால் வீங்கியிருந்தது. வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு அவள்தான் சொன்னாள்.

"அக்கா, ஏர்போர்ட்ல நடந்தத மனசுல வச்சுக்காதீங்க. அவர் உங்க மேல கோபப்படல. அவருக்கு அந்த பெல்ட் பேச்சு வந்தாலே ஆகாது."

நடந்தது அதற்குச் சில மாதங்களுக்கு முன். காட்டாங்குளத்தூரிலிருந்து ஒரு குடும்பம் மீனம்பாக்கம் போவதற்கு ஏறியிருக்கிறது. அப்பா, அம்மா, நாலு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. முதலில் அம்மா மடியில் இருந்த குழந்தை, சும்மா இருக்க முடியாமல் இறங்கி, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறது. ரியாஸிடம் ஏதேதோ கேட்டிருக்கிறது. இவனும் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறான். வண்டலூர் தாண்டியதும் எதிர்த்திசையில் ஒரு பைக் வந்தது. ரியாஸ் பிரேக்கை மிதித்தான். பைக்காரன் தப்பித்தான். வண்டியில் ஒரு கீறல் இல்லை. குழந்தை மட்டும் பறந்துபோய் முன்னால் மோதியது. நெற்றி கிழிந்து, முன்பற்கள் போய், சீட்டெல்லாம் ரத்தம்.

"இவர்தான் புள்ளய வாரித் தூக்கிட்டு ஓடினாராம், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அங்க அந்தப் பொண்ணோட சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, எல்லார் முன்னாடியும் இவர் கன்னத்துல அடிச்சிட்டார். டிரைவர் சரியில்லன்னு கம்பெனில புகார் வேற. கொஞ்ச நாள் வண்டிக்கு சவாரியே குடுக்கல."

"குழந்தை?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு. தையல் போட்டாங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் பாக்கப் போனாரு, உள்ள விடல. இப்பவும் அந்தப் பக்கம் போனா அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன்கிட்ட கேட்டுட்டுத்தான் வருவாரு. ஸ்கூல் போவுதாம், நல்லா ஓடி ஆடுதாம். பழைய சீட் கவர்ல ரத்தக் கறை போகவே இல்ல, அக்கா. ரெண்டு நாள் தேச்சாரு. அப்புறம்தான் இந்தப் புதுக் கவர்."

பர்வீன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். "இது தங்கின செய்தி வந்ததும் அப்பதான். சந்தோஷத்துல சிரிப்பாரு, உடனே பேச்சு நின்னுடும்."

வெந்நீர் ஆறிப்போயிருந்தது. நான் போய் வேறு நீர் காய்ச்சிக் கொண்டுவந்தேன்.

5

மறுநாள் சாயங்காலம் ரியாஸோடு டீ குடிக்கப் போனேன். ரேடியல் ரோட்டு ஓரம், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு கடை. பர்வீன் சொல்லிவிட்டாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு தானாகவே ஆரம்பித்தான்.

"ஒரு வாட்டி சொன்னேன்கா. 'சார், பாப்பாவ உக்கார வைங்க'ன்னு. 'நீ ரோட்ட பாத்து ஓட்டுப்பா'ன்னாரு. ரோட்டப் பாத்துகினுதான் ஓட்டினேன்." கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "ரெண்டாவது வாட்டி சொல்லியிருக்கணும்."

"சொன்னா கேட்டிருப்பாரா?"

"கேட்டிருக்க மாட்டாரு. இறங்கும்போது போன்ல எனக்கு ஸ்டார் கொறச்சிட்டுப் போயிருப்பாரு." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான். "உங்க ஊர்ல டிரைவர் சொன்னா கேப்பாங்களாக்கா?"

கேட்பார்கள் என்றேன். யாராக இருந்தாலும் போடுவார்கள், போடாவிட்டால் ஓட்டுகிறவருக்குத்தான் அபராதம், அதனால் அவர் பேச்சு எடுபடும் என்றேன்.

"இங்கயும் அதே சட்டம்தான்கா" என்றான். "பின்னாடி உக்காரவங்களும் பெல்ட் போடணும். பதினாலு வயசுக்குள்ள இருந்தா பெல்ட்டோ, புள்ளைங்க சீட்டோ இருந்தே ஆவணும். இல்லன்னா ஃபைன் யாருக்கு? வண்டி ஓட்றவனுக்கு. எல்லாம் தெரியும். ஃபைன் என்னுது, ஆனா பேச்சு பின்னாடி உக்காந்துகினு இருக்காரு பாரு, அவருது. நான் வாயத் தொறந்தா 'டிரைவர் ரூல்ஸ் பேசறான் பாரு'ன்னுவாங்க."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. மெல்பர்னில் நான் ஒழுங்காக இருப்பது பாதிக்கு மேல் புள்ளிகளுக்குப் பயந்துதான். யாரும் பார்க்காத ரோட்டில், யாரும் கேட்காமல், ஹாரன்களையெல்லாம் வாங்கிக்கொண்டு ஊர்ந்து ஓட்டுகிறவன் இவன். அதைச் சொல்லத் தெரியாமல், "டீ ஆறுது பார்" என்றேன்.

"அந்தக் கொழந்த பேரு கூட ஹனா மாதிரியே ஒரு பேரு" என்றான். "ஏர்போர்ட்ல நம்ம ஹனா லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுச்சு பாரு, எனக்கு ஒரு மாதிரி ஆயிடிச்சி. கேக்கவேண்டிய கேள்விதான?"

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது காரின் பின்கதவு திறந்திருந்தது. ரியாஸ் உள்ளே மண்டியிட்டு உட்கார்ந்து, பிளேடால் அந்தத் தேன் நிறக் கவரைக் கிழித்துக்கொண்டிருந்தான். மூன்று இடத்தில் கிழித்து, கொக்கிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, துணியால் துடைத்தான். முன்சீட்டில் இருந்த வெறும் கிளிப்பைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தான். ஹனா ஓடிப்போய்ப் பூஸ்டரில் ஏறி உட்கார்ந்தாள். அவன்தான் மாட்டிவிட்டான். இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தான்.

அன்றிலிருந்து ஹனா மாமாவின் ஆள். அவன் போகிற இடமெல்லாம் போனாள். என்னிடம் ஆங்கிலத்தில் பேசுகிறவள், அவனிடம் உடைந்த தமிழில் ஓயாமல் பேசினாள்.

6

பர்வீனுக்குத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். இம்ரான் என்று பெயர் வைத்தார்கள். ரியாஸ் குழந்தையின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைச் சொன்னபோது குரல் பாதியில் நின்று, மறுபடி தொடர்ந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று காலை அவன் வண்டியைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினான். பின்சீட்டில் ஒரு ஓரத்தில் ஹனாவின் பூஸ்டர். இன்னொரு ஓரத்தில் பின்பக்கம் பார்த்தாற்போல ஒரு புதுக் குழந்தை சீட்டு. எங்கே வாங்கினான், எப்போது வாங்கினான் என்று யாருக்கும் தெரியாது. செல்போனில் படம் போட்டுப் பார்த்துப் பார்த்துத் தானே மாட்டியிருக்கிறான்.

சம்சாத் மாமி குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள இது? சந்தூக்கு மாதிரி!"

சந்தூக்கு என்பது இறந்தவர் உடலை வைத்துக் கபர்ஸ்தானுக்குத் தூக்கிப்போகிற பெட்டி. பர்வீன் "அம்மா!" என்று கத்தினாள். மாமிக்கே தான் சொன்னது உறைத்துவிட்டது. "தவ்பா, தவ்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் குழந்தையை இறுக்கிக்கொண்டார். "ரெண்டு போயி, எத்தன துஆ கேட்டு வந்த புள்ள இது. இத ஒரு டப்பால போட்டுக் கட்டுறதா? நான் குடுக்க மாட்டேன். என் நெஞ்சுல அணைச்சிக்கிட்டு வரேன். என்ன மீறி என்ன ஆயிடும்?"

அவர் பயந்தது புரிந்தது. இரண்டு முறையும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். நான் அந்நிய தேசத்துக்காரி மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் எது சொன்னாலும் 'உங்க ஊரு சட்டம்' என்று ஆகிவிடும்.

ரியாஸ் பேசினான். மாமிக்கு முன்னால் குரலை உயர்த்தாதவன், அன்றும் உயர்த்தவில்லை.

"மாமி, போன வருசம் என் கன்னம் வீங்கி வந்தப்போ கதவு இடிச்சிடிச்சின்னு சொன்னேன்ல? கதவு இல்ல மாமி. அடிச்சாங்க." வண்டலூரில் நடந்ததை முழுவதும் சொன்னான். பர்வீனையும் என்னையும் தவிர அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது. "அந்தக் கொழந்தையும் மொதல்ல அவங்கம்மா மடியிலதான் இருந்துச்சு. அவங்களும் ஆசையாத்தான் புடிச்சிகினு இருந்தாங்க. நான் பிரேக் போட்டதும் அது என் தோளுக்குப் பக்கத்துல பறந்து போச்சு மாமி. நான் பாத்தேன். நீங்க பாக்கல."

ரியாஸ் பின்கதவை இன்னும் அகலமாகத் திறந்தான்.

"ஃபைனுக்காகச் சொல்லல. நான்தான் டிரைவர். என் புள்ள அதுல உக்காந்தாதான் வண்டி எடுப்பேன். இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் இங்கயே நிப்போம்."

ஆஸ்பத்திரி காவலாளி வண்டியை எடுக்கச் சொல்லி விசில் ஊதினார். பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் காத்திருந்தது. மாமி குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "அந்தக் கன்னத்துல மருந்துகூடப் போடலியே மாப்ள நானு" என்றார். பிறகு குனிந்து, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் தன் கையாலேயே குழந்தையை அந்தச் சீட்டில் படுக்கவைத்தார். ரியாஸ் வார்களை மாட்டினான். விரல் நுழைகிறதா என்று பார்த்தான்.

மாமி நடுவில் ஏறி உட்கார்ந்தார். "எனக்கும் எதாச்சும் இருந்தா மாட்டு. புள்ள பத்திரமா இருக்கும், நான் எங்க போயி விழறது?" ஹனாதான் அவருடைய பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள். பர்வீன் முன்னால் உட்கார்ந்து, வயிற்றுக்குக் கீழே பெல்ட்டைத் தாழ்த்திப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு வண்டியில் இடம் இல்லை. ஆட்டோ பிடித்தேன். பெல்ட் இல்லாத ஆட்டோவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ரியாஸின் வண்டி வழக்கத்தைவிட இன்னும் மெதுவாகப் போயிற்று. எங்கள் பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"இன்னாக்கா, முன்னாடி போற வண்டி நம்புளுதா?" என்றார் ஆட்டோக்காரர். "இன்னா, ரோட்ட அளந்துகினு போறாரு?"

"என் தம்பிங்க. பொறந்த புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான்."

"அப்படியா? அப்ப போவட்டும், போவட்டும்" என்று ஆட்டோவை ஒரு ஓரமாக நகர்த்தி, பின்னால் முண்டிக்கொண்டு வந்த வேனுக்குக் கையைக் காட்டி அடக்கினார்.

7

நாங்கள் மெல்பர்னுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகப்போகிறது. ஹனாவின் தமிழ் மறுபடி தேய்ந்து வருகிறது. வீடியோவில் இம்ரானைக் கொஞ்சும்போது மட்டும் எங்கிருந்தோ இரண்டு சொல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் படமாக வரையச் சொன்னபோது மாமாவைக் காரோடு வரைந்திருந்தாள். அவள் டீச்சர் என்னிடம், "உங்கள் சகோதரர் ரேஸ் டிரைவரா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு, அதற்கு நேர்மாறு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கவும் எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

பிள்ளைகள் இருக்கிற சவாரிகளை ரியாஸ் இப்போது தட்டிக்கழிப்பதில்லை. ஏறியதும், "சார், புள்ளைக்கு பெல்ட் போட்டுட்டுக் கெளம்பலாம்" என்கிறான். சிலர் போடுகிறார்கள். சிலர் முறைக்கிறார்கள். சிலர் இறங்கிப் போய்விடுகிறார்கள். அவனுடைய ஸ்டார் குறைந்திருக்கிறது. குறைந்தால் நல்ல சவாரி வராது. வீட்டில் பிள்ளை வேறு. எனக்குக் கவலைதான். 'பிடிவாதம் பிடிக்காதே' என்று சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன்.

பொங்கல் கூட்டம் முடிந்த பிறகு ஒருநாள், எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தான். சிரித்துக்கொண்டே பேசினான். அவன் அப்படிச் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆகிறது.

பெருங்களத்தூரில் புதிதாக வந்திருக்கிற அடுக்குமாடி ஒன்றிலிருந்து சவாரி. ஊருக்குப் போகக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு குடும்பம். மூட்டை முடிச்சு, கரும்பு, ஒரு சின்னப் பெண். இவன் வழக்கம்போலச் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர், "இதோ இருக்கிற கிளாம்பாக்கத்துக்கு பெல்ட்டா? நீ என்ன போலீஸா?" என்று கத்திவிட்டு, எல்லோரையும் இறக்கி, சவாரியை ரத்து செய்துவிட்டார்.

"அப்புறம்?"

"பொங்கல் டைம்ல வண்டி எங்க கிடைக்கும்? கரும்ப வெச்சிகினு ரோட்ல நிக்கறாரு. நானும் எங்கயும் போவல, அங்கயே நின்னுகினு இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னு அவரு வூட்டம்மா சத்தம் போட்டாங்க. திரும்பி வந்து ஏறினாரு. அவங்களே புள்ளைக்கு பெல்ட் போட்டாங்க."

"அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பாரா? கிளாம்பாக்கம் வரைக்கும் திட்டிகினே வந்தாரு."

"நீ என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா. கண்ணாடில பாத்தேன். புள்ள பெல்ட்டோட நல்லா தூங்கிகினு இருந்துச்சு."